எறங்கினா நிக்கற வண்டி

கையை உள்ள எடுத்துக்குங்க. முழங்கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிட்டு உக்காந்திருக்கீங்க, லாரிக்காரன் ஒரசிட்டுப் போனா அப்பறம் ஈரோட்டுல எறங்கறதுக்குப் பதிலா ஆசுபத்திரியிலதான் எறங்கோணும். தப்பா நெனைக்காதீங்க. மிஷினு, வண்டி, சக்கரம்னே இருவத்தெட்டு வருசம் ஓட்டிட்டேன். கண்ணு முன்னால ஒருத்தன் அஜாக்கிரதையா இருந்தா எனக்குப் பொறுக்காது.

சட்டையைப் பாக்கறீங்களாட்ட இருக்குது. காலேஜ் சட்டைங்க. இஞ்சினீயரிங் காலேஜ், தோட்டப் பிரிவு. நாச்சிமுத்துன்னு பேரு. இது புதுச்சட்டை. பழைய சட்டையில பாக்கெட்டுக்கு மேல 'ஆபரேட்டர்'னு தைச்சிருக்கும். இதுல ஒண்ணும் தைக்கலை. தைக்கறதுக்கு என்ன இருக்குது, கல்லுப் பொறுக்கின்னா தைப்பாங்க?

சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. படிச்சவராட்டத் தெரியறீங்க. படிச்சவங்க மேல எனக்கு அத்தனை மரியாதை இல்லை, இருந்தாலும் சொல்றேன்.

அந்தக் காலேஜுல பதினெட்டு ஏக்கரா புல்லுங்க. மாட்டுக்குப் போட மாட்டாங்க. ஆடு ஒண்ணு உள்ள வந்தா வாட்ச்மேன் தடியெடுத்துட்டு ஓடுவான். வெட்டறதுக்குன்னே தண்ணி விட்டு வளத்து, வளந்ததும் வெட்டி, வெட்டுனதைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டறது. இதுக்குப் பேரு லான். இந்தக் கூத்துக்கு ஒரு வண்டி வாங்குனாங்க. மேல ஏறி உக்காந்து ஓட்டற வண்டி. அடியில தாம்பாளத்தைக் கவுத்தாப்பல பெரிய தகரம், அதுக்குள்ள மூணு பிளேடு சுத்தும். சைடுல ஒரு வாய் இருக்குது, வெட்டுன புல்லை அது வழியாத் துப்பும். வண்டி வந்த அன்னைக்கு, நாச்சிமுத்து இதை ஓட்டுவியான்னு மேனேஜர் கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன். கவுந்தப்பாடி சுத்துப்பட்டுல இருவது வருசம் டிராக்டர் ஓட்டுனவனுங்க நானு. புல்லு வெட்டற பொம்மையை ஓட்டறதுக்கு என்னையக் கேக்கறாரு.

வண்டி கூடவே ஒரு புக்கும் வந்துச்சு. தடியான புக்கு. பூரா இங்கிலீசு, நடுவுல படம். ஒரு படத்துல ஆளு கையைத் தகரத்துக்கு அடியில விடறான், மேல செவப்புக் கோடு போட்டு அடிச்சிருக்குது. இதைச் சொல்றதுக்கு ஒரு புக்கு. நான் அந்தப் புக்கைச் சாமி படத்துக்கிட்ட வெச்சேனுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு எடுத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வெச்சு, வண்டி மேல சாத்திச் சூடம் காட்டி, மறுபடியும் அங்கயே வெச்சுருவேன். எட்டு ஆயுத பூசை. அதைவிட ஒரு புக்குக்கு என்ன மரியாதை பண்ணோணும்?

ஆனா அந்த வண்டியில ஒரு கெட்ட கொணம் இருந்துச்சு. சீட்டுக்கடியில ஒரு சுவிட்சு. ஆளு உக்காந்திருந்தாத்தான் எஞ்சின் ஓடும். பிளேடு சுத்தறப்ப பொச்சைத் தூக்குனாப் போதும், பொசுக்குன்னு எஞ்சின் நின்னுரும். வண்டியா, மாமியாளா? எந்திரிச்சாக் கோவிச்சுக்குது.

எங்க பக்கம் டிராக்டர்க்காரன் ஒருத்தனும் வெள்ளாமைக் காட்டுக்குள்ள எஞ்சினை அணைக்க மாட்டானுங்க. பேட்டரி பூராவும் அரை உசுருலதான் கெடக்கும். அணைச்சா நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளோணும். அதனால டீ குடிக்கறதானாலும், ஒண்ணுக்குப் போறதானாலும், பின்னால மண்ணைக் கெளர்ற ரொட்டவேட்டர்ல சிக்குன வேரைப் புடுங்கறதானாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், நாம பாட்டுக்கு எறங்கிருவோம். எறங்கினா வண்டி நிக்கோணும்னு நெனைக்கறவன் டிரைவரே இல்லை. பயந்தாங்கொள்ளி. இருவது வருசம் அப்புடித்தான் ஓட்டுனேன். பத்து வெரலும் இருக்குது பாருங்க. எண்ணிக்குங்க.

காலேஜுல பூரா தூங்குமூஞ்சி மரம். காத்தடிச்சா குச்சியா உழுகும். பசங்க குடிச்சுப்போட்டு எறியற பாட்டல் வேற. நூறடிக்கு ஒருக்கா எறங்கி எடுத்து எறியோணும். எறங்கும்போதெல்லாம் எஞ்சின் நின்னு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, இப்புடியே போனா பதினெட்டு ஏக்கராவை எப்ப முடிக்கறது? மொத வாரமே சீட்டைத் தூக்கி, சுவிட்சுக்குப் போற ரெண்டு ஒயரைக் கழட்டி, ஒரு சாண் கம்பியை வெச்சு முறுக்கி ஒண்ணாச் சேத்துட்டேன். ரெண்டு நிமிச வேலை. அப்பறம் நான் எந்திரிச்சாலும் ஓடும், எறங்கினாலும் ஓடும். தங்கமா ஓடுச்சு. புல்லு துப்பற வாய்க்கு ஒரு மூடி தொங்குச்சு, ஈரப்புல்லு அதுல அடைச்சுக்குது, அதையும் கழட்டி வீசிட்டேன். ரெண்டு நாள் வேலையை ஒரு நாள்ல முடிச்சேன். மேனேஜரே முதுகுல தட்டிக் குடுத்தாரு. எப்புடி முடிச்சேன்னு அவரு கேக்கலை, நானும் சொல்லலை.

எட்டு வருசத்துல ஒரே ஒரு கண்ணாடிதான் ஒடைஞ்சுது. லைப்ரரிக் கண்ணாடி. கல்லு தெறிச்சுப் போச்சு. அப்பறம் ஒரு வாத்தியாரு காரோட கண்ணாடி. அப்பறம் ஒரு பையனுக்குக் கணுக்கால்ல லேசா. அவன் எதுக்கு வண்டிக்குப் பக்கத்துல வர்றான்? இதுக்குப் போயி மேனேஜர் மேல எடத்துல பதில் சொல்ல வேண்டியதாப் போச்சாம். புதுசா ஒருத்தனைக் கொண்டாந்துட்டாரு.

அருள்தாஸ்னு பேரு. வேடசந்தூர்க்காரன். கத்தார்ல ஏதோ கோல்ப் மைதானத்துல எட்டு வருசம் புல்லு வெட்டிட்டு வந்தவன். பாலைவனத்துல என்ன புல்லு இருக்குதுன்னு அங்க போனான்னு தெரியலை. அவன் வந்ததும் என்னையத் தண்ணி பாய்ச்சற ஹோஸுக்கு மாத்திட்டாங்க. ஆபரேட்டர் சட்டை போட்டுட்டு ஹோஸைப் புடிச்சுட்டு நின்னேன்.

அவன் வண்டி எடுக்கற அழகை நீங்க பாக்கோணும். காத்தால வந்ததும் வண்டியில ஏற மாட்டான். மொதல்ல புல்லு பூரா நடப்பான். ஒவ்வொரு கல்லா, குச்சியா, ஆணியாப் பொறுக்கி ஒரு பக்கெட்டுல போடுவான். அரை மணி நேரம். அப்பறம் வண்டியைச் சுத்தி வந்து பெல்ட்டைத் தொட்டுப் பாப்பான், டயர்ல காத்துப் பாப்பான், சமதரையில நிறுத்தி ஆயில் பாப்பான், வாய் மூடியில போல்ட் இறுகியிருக்குதான்னு பாப்பான். நான் வீசுன மூடியைக் குப்பையில இருந்து தேடியெடுத்து மாட்டிட்டான் அந்த மகராசன். காலுக்கு பூட்ஸு, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு இட்லித்தட்டாட்ட ரெண்டு. இத்தனையும் மாட்டிட்டு நெலாவுக்குப் போறானா, புல்லு வெட்டப் போறானா?

பெட்ரோல் ஊத்தறதுக்கு எஞ்சின் ஆறோணுமாம். பத்து நிமிசம் மரத்தடியில உக்காந்திருப்பான். நான் எட்டு வருசமாச் சூட்டோட ஊத்துனவன். பீடியைக் காதுல சொருகிட்டுத்தானுங்க ஊத்துவேன், வாயில வெச்சுட்டா ஊத்துவேன்? எனக்குத் தெரியாதா? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பிளேடைக் கழட்டுவான். கழட்டறதுக்கு முன்னாடி, எஞ்சின் தப்பித்தவறி ஓடிராம பிளக் ஒயரைப் புடுங்கி வெச்சுருவான். பிளேடைத் தீட்டி, நடு ஓட்டையில ஒரு ஆணியைக் குடுத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாப்பான். சாயற பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ப்பான். தங்கம் எடை போடறவன்கூட அத்தனை நேரம் பாக்க மாட்டான். ஈரப் புல்லை வெட்ட மாட்டான். குளத்துக் கரைச் சரிவுல வண்டியை ஏத்த மாட்டான், அங்க கையில வெட்டிக்கலாம்னு சொல்லிப்போட்டான். வண்டி இருக்கறது எதுக்கு?

அந்தப் புக்கையும் கண்டுபுடிச்சுட்டான். சந்தனம் காஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு. தண்ணியைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சான். பிரிச்சுட்டு என்னையப் பாத்தான். அப்பறம் சீட்டுக்கடியில என்ர கம்பியைப் பாத்தான். அதைக் கழட்டி, ஒயரை மறுபடியும் சுவிட்சுல மாட்டிட்டு, கம்பியை என்ர கையில குடுத்தான். குடுத்துட்டு, அண்ணே, இது என்னைக்காச்சும் ஆளை முழுங்கிரும்னான். அண்ணேங்கறான் பாருங்க. அந்த மரியாதைதான் எனக்குப் புடிக்கலை.

இதுல பெரிய கூத்து என்னன்னா சாவி. வெட்டுன புல்லை வாரறதுக்கு நாலு பொம்பளைக இருக்கறாங்க. என்ர ஊட்டுக்காரி மரகதமும் அதுல ஒருத்தி. நான் ஓட்டறப்ப வண்டி பாட்டுக்குப் போகும், அவங்க பாட்டுக்குப் பின்னாலயே வாரிட்டு வருவாங்க. இவன் வந்து கோடு போட்டுட்டான். வண்டி ஓடறப்ப அம்பதடிக்கு அந்தப் பக்கம் நிக்கோணும். இவன் எஞ்சினை அணைச்சு, எறங்கி, சாவியைக் கழட்டிக் கையை மேல தூக்கிக் காட்டுவான், கோயில்ல தீவாராதனை காட்டறாப்பல. அதைப் பாத்த பின்னாடித்தான் பொம்பளைக கிட்ட வரோணும். அவங்களும் நல்ல புள்ளைகளாட்ட நின்னு சாவியைப் பாத்துட்டுத்தான் வருவாங்க. வண்டியை எப்புடி அணைக்கறதுன்னுகூட நாலு பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டான். புல்லு வாரற பொம்பளைக்கு எதுக்குங்க அது?

ஒரு நாள் சோறு போட்டுட்டே மரகதம் சொல்றா, அந்தண்ணன் சாவியைக் காட்டுன பின்னாடிப் போறதால இப்பல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்கறதில்லீங்கன்னு. எட்டு வருசம் என்ர வண்டிக்குப் பின்னால வந்தவ. படபடப்பைப் பத்தி ஒரு நாள் வாயைத் தொறந்ததில்லை. தொறந்திருந்தா நான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை. ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

ரெண்டு மாசம் இப்புடிப் போச்சு. அப்பறம் அருள்தாஸ் மகளுக்கு என்னமோ விசேசம்னு மூணு நாள் லீவுல ஊருக்குப் போனான். திங்கக்கிழமை காலேஜுல ஆண்டு விழா. சனிக்கிழமை காத்தால மேனேஜர் என்னையக் கூப்புட்டு, நாச்சிமுத்து, ஸ்டேஜுக்கு முன்னால இருக்கற புல்லை மட்டும் ஒருக்கா ஓட்டிருன்னாரு. பாத்தீங்களா. அவசரம்னு வந்தா நாச்சிமுத்துதான். புக்குப் படிச்சவன் எங்க போனான்?

ஏறி உக்காந்தேன். ஒரு குச்சி கெடந்துச்சு, எறங்குனேன். எஞ்சின் நின்னுருச்சு. அக்கட்டால நின்ன நாலு பொம்பளைகளும் பாத்துட்டிருந்தாங்க. ருக்குமணின்னு ஒருத்தி, வாயாடி, அவ சிரிச்சுப்போட்டா. எட்டு வருசமா என்ர சொல்லுக்குக் கட்டுப்பட்ட வண்டி, பொம்பளைக முன்னால என்னைய மதிக்காம நின்னுருச்சு. எனக்கு எப்புடி இருக்கும்? நேரா செட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, ஆணி டப்பாவுல இருந்த ஒரு சாண் கம்பியை எடுத்து, சீட்டைத் தூக்கி, பழையபடி முறுக்கிட்டேன். அரை நாள் வேலை தானுங்க. முடிச்சதும் கழட்டிரலாம்னுதான் நெனச்சேன்.

முந்தின நாள் சாயங்காலம் தூறல் போட்டிருந்துச்சு. புல்லு ஈரம். பத்து நடை வந்ததும் துப்பற வாயில அடைச்சுக்கிச்சு. அங்க ஸ்டேஜ் வேலைக்குன்னு பெரிய ஜெனரேட்டர் கொண்டாந்து வெச்சு ஓட்டிட்டிருந்தாங்க. அது போடற சத்தத்துல நம்ம வண்டிச் சத்தம் காதுலயே உழுகாது. எஞ்சினைக் கொறைச்சு வெச்சுட்டு நான் எறங்குனேன். அந்தக் கம்பி இருக்கறதால வண்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு, பிளேடும் சுத்திட்டுத்தான் இருந்துச்சு. குச்சி ஒண்ணு எடுத்தாந்து அடைப்பைக் குத்திவிடலாம்னு மரத்தடிக்குப் போனேன். திரும்பிப் பாக்கறேன், மரகதம் வண்டிக்கிட்ட வந்து குனிஞ்சு அடைச்ச புல்லைக் கையில புடுங்கறா.

அந்தத் தகரத்துக்குள்ள பிளேடு சுத்தறது வெளிய தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கையை விட்டிருப்பாளா?

வலது கை. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும். கத்தக்கூட இல்லை. கையைத் தூக்கிப் பாத்துட்டு அப்புடியே உக்காந்துட்டா. ருக்குமணிதான் ஓடிவந்து மொதல்ல வண்டியை அணைச்சு, சாவியைப் புடுங்கி மடியில சொருகிட்டு, அப்பறம் முந்தானையைக் கிழிச்சுக் கையைக் கட்டுனா. நான் குச்சியைப் புடிச்சுட்டே நின்னுட்டிருந்தேன். ஆபரேட்டர் ஒருத்தன் நிக்கறப்ப அவ எப்புடிச் சாவியைத் தொடலாம்? அதை ஒருத்தரும் கேக்கலை.

ஆசுபத்திரியில இருந்த எட்டு நாளும் நான்தான் பாத்துக்கிட்டேன். அருள்தாஸ் வந்தான். மரகதத்தோட கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு பொம்பளையாட்ட அழுதான். அந்த ஒயரை நான் பாட்டுக்குச் சும்மா மாட்டிட்டுப் போயிட்டேனே, யாரும் தொடாத மாதிரி மூடி சீல் வெச்சிருக்கோணுமே, தப்பு என்னோடதுதான் தங்கச்சின்னான். கேட்டுக்குங்க. அவனே அவன் வாயால ஒத்துக்கறான். அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு.

காலேஜுல விசாரணை வெப்பாங்கன்னு தெரியும். நான் ஜெராக்ஸ் கடைக்குப் போயி மரகதம் சொல்றாப்பல ஒரு காயிதம் டைப் பண்ணினேன். வண்டியில கம்பியை மாட்டி வெச்சிருந்தது அருள்தாஸு, என் கணவருக்கு அது தெரியாது, அப்புடின்னு. அதுல என்ன பொய் இருக்குது? நான் மாட்டலைன்னா எழுதுனேன்? சரி, எழுதுனேன். ஆனா சீல் வெக்காதது தப்புன்னு அவனே சொன்னானா இல்லையா? அதைக் கொஞ்சம் சுருக்கி எழுதுனேன், அவ்வளவுதான். என்னைய வேலையை விட்டுத் தூக்கிட்டா ரெண்டு பேருக்கும்தானே கஷ்டம்? மரகதத்துக்கிட்டப் படிச்சுக் காட்டுனேன். அவ கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம். எங்க ஊட்டுல இருவத்திரண்டு வருசமா அப்புடித்தான் அர்த்தம். கையெழுத்துப் போட முடியாதே, இடது கைப் பெருவெரலை உருட்டி ரேகை வெச்சுக்கிட்டேன்.

விசாரணை அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நாங்க, அருள்தாஸு, ருக்குமணி. மேனேஜர் அந்தக் காயிதத்தைப் படிச்சாரு. அருள்தாஸ் தலையைக் குனிஞ்சுட்டான். மறுத்து ஒரு வார்த்தை பேசலை பாருங்க, அப்புடியொரு ஆளு. மேனேஜர் மரகதத்தைப் பாத்து, இது நீங்க சொன்னதாம்மான்னாரு.

"இல்லீங்க சார்" அப்புடின்னா.

எனக்குக் காதுல உழுந்தது சரிதானான்னு ஆயிருச்சு. இவ மேனேஜர் முன்னால நிமுந்துகூடப் பேசாதவ.

"அந்தண்ணன் ஓட்டறப்ப எறங்குனா வண்டி நின்னுருமுங்க. ரெண்டு மாசமா தெனமும் பாத்திருக்கறேன். அன்னைக்குக் காத்தாலயும் மொதல்ல நின்னுச்சுங்க, ருக்குமணிகூடச் சிரிச்சா. அப்பறம் இவரு செட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்தாருங்க. அப்பறம் இவரு எறங்கி, கையைத் தூக்கிச் சாவியைக் காட்டுனாருங்க. சாவியைப் பாத்துட்டுத்தானுங்க நான் போனேன்."

ஆமாங்க. காட்டுனேன். அதை உங்ககிட்டச் சொல்லலை, சொல்றதுக்கு அது என்ன பெரிய விசயமா? வெளையாட்டுக்குங்க. எறங்குனதும் இந்தப் பொம்பளைக அம்பதடிக்கு அந்தப் பக்கம் நின்னு, சாமி எப்ப வரம் குடுக்கும்னு பாக்கறாப்பல என்னையப் பாத்துட்டு நின்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. பாக்கெட்டுல கையை விட்டு என்ர டிவிஎஸ் சாவியை எடுத்து, அருள்தாஸாட்டவே நெஞ்சை நிமித்திட்டு மேல தூக்கிக் காட்டுனேன். கேலிக்குத்தான். ருக்குமணி சிரிப்பான்னு நெனச்சேன். டிவிஎஸ் சாவிக்கும் வண்டிச் சாவிக்கும் வித்தியாசம் இல்லீங்களா? டிவிஎஸ் சாவியில பெருமாள் டாலர் தொங்கும். அம்பதடியில இருந்து பாத்தாலும் தெரியோணும் இல்லீங்களா? கட்டுன பொண்டாட்டிக்குப் புருசன் சாவி தெரியாதா?

மேனேஜர் என்னைய வேலையை விட்டு எடுத்துரலாம்னுதான் பேனாவைத் தொறந்தாரு. மரகதம்தான் மறுபடியும் பேசுனா. வேலையை விட்டு எடுத்துராதீங்க சார், வண்டியில மட்டும் ஏத்தாதீங்கன்னா. எனக்கு வக்கீலு அவ. அப்பறம் மேனேஜர் புதுசா ஒரு காயிதம் எழுதச் சொல்லி, அவ சொன்னதை ருக்குமணி எழுத, இவ இடது கையில பேனாவைப் புடிச்சு, ஒவ்வொரு எழுத்தா, மரகதம்னு எழுதுனா. பத்து நிமிசம் ஆச்சு. ரேகை வெச்சாப் போதும்மான்னு மேனேஜரே சொன்னாரு. வேண்டாங்க, எழுதிக்கறேன்னுட்டா. நாங்க நாலு பேரும் அந்தக் கையையே பாத்துட்டு நின்னோம்.

அதுல இருந்து ஒன்றரை மாசம் என்னைய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. அவ வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. வண்டி செட்டுல அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்கறாங்க. காத்தால வண்டியை எல்லாம் பாத்தாச்சுன்னு அருள்தாஸ் சொன்னா, நோட்டுல குறிச்சுட்டு அவதான் சாவியை எடுத்துக் குடுக்கோணும். சாயங்காலம் அவதான் வாங்கி மாட்டோணும். இடது கையில இப்ப நல்லா எழுதறா. எனக்கு இன்னைக்கு இருந்து வேலை. வண்டிக்கு முன்னால நடந்து போயி கல்லுப் பொறுக்கோணும். பொறுக்கி முடிச்சுட்டு அவகிட்ட வந்து, கல்லு இல்லைன்னு சொல்லோணும். நான் சொல்லி, அவ நம்பி, அதுக்கப்பறம் சாவி.

ஊட்டுல அவ என்னைய எப்புடி நடத்தறான்னு கேக்கறீங்களா? முந்தா நாள் மிக்ஸியில சட்னி அரைச்சா. தேங்காச் சில்லு ஒண்ணு பிளேடுல சிக்கிக்கிச்சு. ஒத்தைக் கையில சிரமப்படறாளேன்னு நான் எடுத்துக் குடுக்கப் போனேன். சுவிட்சை அணைச்சுட்டேன்டின்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவ ஓடிவந்து செவுத்துல இருந்து பிளக்கைப் புடுங்குனா. அணைச்சுட்டேன்னு நான்தான் சொல்றேனில்லன்னேன். ஆமாங்கன்னா. பிளக்கைக் கையில புடிச்சுட்டே நின்னா. நான் அந்தச் சில்லை எடுத்து முடிக்கற வரைக்கும் நின்னா. பொண்டாட்டியைக் கொல்லறவனா நானு?

அதா, அந்த ஆர்ச்சு தெரியுது பாருங்க, அதுதான் காலேஜ். எறங்கோணும். எந்திரிக்கறேன், கொஞ்சம் வழி விடுங்க.

இருங்க. மரகதம் கேட் பக்கத்துல நிக்கறா. ஊதாச் சீலை. முந்தின பஸ்ஸுலயே வந்துட்டா, ஒண்ணாப் போலாம் வாங்கன்னு கூப்புட்டா. நான்தான் நீ போ, பின்னால வர்றேன்னு அனுப்பிச்சேன். வலது கையை முந்தானைக்குள்ள வெச்சிருக்கறா, பாருங்க. எப்பவும் அப்புடியே வெச்சுப் பழகிட்டா.

அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க. அதுதான். இந்த ஒன்றரை மாசத்துல ஒரு நாள் என்னையத் திட்டலை. ஏன் பண்ணுனேன்னு கேக்கலை. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். சோறு போடறா, துணி தொவைக்கறா, நான் எந்திரிச்சா எங்க போறேன்னு கண்ணு மட்டும் பின்னாலயே வருது. இத்தனை நேரம் வாய் கிழியப் பேசிட்டு வந்தேனுங்களே. அவ முன்னால போயி நின்னு, கல்லு இல்லைன்னு சொல்றதுக்குப் பயமா இருக்குதுங்க. நான் சொன்ன பின்னாடியும் அவளே ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தாள்னா?

இல்லீங்க கண்டக்டர், எறங்கலை. நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க போங்க. ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட் குடுத்துருங்க.

பாத்துட்டா. என்னையப் பாத்துட்டாளுங்க. பஸ்ஸுக்குக் கூடவே ரெண்டு எட்டு வெச்சா. அப்பறம் நின்னு பாத்துட்டு, திரும்பி உள்ள போயிட்டா.

ஒரு சத்தம் போட்டுக் கூப்புட்டிருந்தா நான் எறங்கியிருப்பேனுங்க.